உம் கொட்ட ஓர் ஆள்

பொறாமைப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு மீசையும் இருந்துவிட்டால் இன்னும் வசதி. திருமூர்த்திக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. மூன்று மாதமாக அவர் ஒரு கதவைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

பச்சை வர்ணம் அடித்த கதவு. இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, பெஞ்சில் அவர். அந்தப் பக்கம் அவருடைய மனைவி கோகிலவாணியும், அவளுக்கென்று இயந்திரம் பொறுக்கிக் கொடுத்த மனநல ஆலோசகரும். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாதென்று சுவரெல்லாம் மெத்தை அடைத்து வைத்திருந்தார்கள். பேச்சு நின்றது, சிரிப்பு நிற்கவில்லை. முதலில் கனத்த குரலில், வயிறு குலுங்க ஒரு சிரிப்பு வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கோகிலாவின் சிரிப்பு வரும். அதைத்தான் திருமூர்த்தியால் தாங்க முடியவில்லை. ஒன்றரை வருஷமாக வீட்டில் கேட்காத சிரிப்பு அது.

சிரிக்கட்டுமே, நல்லதுதானே என்று சொல்வீர்கள். உங்களுக்கென்ன, நீங்கள் அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை.

ஆவாரம்பாளையத்தில் திருமூர்த்திக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. காலம் எவ்வளவோ மாறிவிட்டது, பஸ்ஸுக்கு டிரைவர் இல்லை, பாங்கில் மனிதர்கள் இல்லை, ஆனால் கிணற்று மோட்டார் கருகுவது மட்டும் மாறவில்லை. அவர் கழற்றுவார், கோகிலா கம்பி சுற்றுவாள். கல்யாணத்துக்குப் பத்துக்கு எட்டுப் பொருத்தம். இருபத்திரண்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். மகள் கல்யாணமாகிக் கனடாவுக்குப் போன வருஷம் கோகிலாவின் கை மெதுவானது. பிறகு சுற்றுக் கணக்குத் தப்பியது. பிறகு அவள் பட்டறைக்கு வருவதே நின்றது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, பாத்திரம் வைக்காமல், தீயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"என்ன கண்ணு வெசனம் உனக்கு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க மாமா" என்பாள்.

மந்திரித்தார்கள். கயிறு கட்டினார்கள். ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர் மாத்திரை எழுதினார். ராத்திரித் தூக்கம் கொஞ்சம் திரும்பியது.

"மாத்திரை பாதி வேலைதாங்க செய்யும்," என்றார் மருத்துவர். "மீதியப் பேசித்தான் வடிக்கணும். பொருத்த நிலையத்துக்கு எழுதித் தர்றேன், போங்க."

"பொருத்தமுங்களா? சாதகம் கொண்டு போகோணுங்களா?"

"சாதகம் வேண்டாம், குரல் போதும்." மருத்துவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். "முன்னெல்லாம் மனசு சரியில்லாதவங்க ஒரு ஆலோசகர்கிட்டப் போவாங்க, ஒத்து வராது. இன்னொருத்தர்கிட்டப் போவாங்க, அங்கயும் வாய் தெறக்காது. மூணாவது எடத்துல, நமக்கெல்லாம் இது சரிப்படாதுன்னு வீட்டுல போய்ப் படுத்துருவாங்க. எல்லாரும் படிச்சவங்கதான். ஆனா காது ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி. எங்க சும்மா இருக்கணும், எங்க ஒரு உம் கொட்டணும், அதுலதான் இருக்குது விசயம். இந்த மெஷின் ஒரு மணி நேரம் பேச்சக் கேக்கும். எங்க நிறுத்தறீங்க, எத மென்னு முழுங்கறீங்க, எதுக்கப்பறம் மறுபடி பேச்சு வருதுன்னு பாத்து, அதுக்கு ஏத்த காதத் தேடிக் குடுத்துரும்."

நிலையத்தில் அபிநயா என்று ஒரு பெண் இருந்தாள். "அம்மா மட்டும் உள்ள போகட்டுங்க சார்," என்றாள்.

"அவ தனியா எங்கயும் போனதில்லீங்க அம்மணி. அவளுக்குப் பேசவும் வராது. நான் சொன்னா அவ சொன்ன மாதிரித்தானுங்க."

அபிநயா தயங்கினாள். ஆனால் நம் ஊர் வழக்கம் அவளுக்கும் தெரியாததா? இங்கே ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாகப் போவதில்லை. நோய் ஒருவருக்கு, வாய் இன்னொருவருக்கு. பல்வலிக்காரன் வாயைத் திறப்பதற்குள் எந்தப் பல் என்று அவன் அம்மா சொல்லி முடித்திருப்பாள். காப்பாளர் என்ற இடத்தில் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அபிநயா விட்டுவிட்டாள்.

சின்ன அறை, சுவரில் ஒரு மைக். திருமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இவளுக்கு ராத்திரியெல்லாம் முழிப்புங்க," என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததுதான் தெரியும், ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. வெளியே வந்தபோது அவருக்கே உடம்பு லேசாக இருந்தது. ஆளுக்கு ஓர் இளநீர் வாங்கிக் குடித்தார்கள்.

அன்றைக்குத் திரும்பும்போது கோகிலா வண்டியில் ஏற மாட்டேன் என்றாள். பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வண்டியை அப்புறம் ஆள் விட்டு எடுத்துவர வேண்டியதாயிற்று. மறுநாளிலிருந்து வண்டிச் சாவியையும் காணோம். கேட்டால், "எங்கயோ வச்சுட்டேனுங்க மாமா, மறந்துருச்சு," என்றாள். சீக்கு முற்றுகிறது என்று திருமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். அதிலிருந்து பட்டறைக்கும் நடை, ஊருக்கெல்லாம் பஸ்.

இயந்திரம் துரைக்கண்ணு என்பவரைக் கொடுத்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், நிதானமான ஆள். வியாழக்கிழமைதோறும் போனார்கள். கோகிலா உள்ளே போய், நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தாள். திருமூர்த்திக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அவள் வந்த பிறகு வராந்தாவில் அவரைப் பிடித்துக்கொண்டு மோட்டார், மழை, மகள் என்று பேசிக்கொண்டிருப்பார். துரைக்கண்ணு குறுக்கே பேச மாட்டார்.

நாலைந்து வாரம் கழித்து, "எனக்கு அந்த ஐயாகிட்டப் பேச்சே வரலீங்க மாமா," என்றாள் கோகிலா.

"மெஷினே பாத்துக் குடுத்த ஆளு. உனக்குத்தான் ஒத்துழைக்கத் தெரியல," என்று சத்தம் போட்டார்.

மறுவாரம் ஒரு நாள் அவள் வீட்டில் இல்லை. தெருவெல்லாம் தேடி, கிணற்றையெல்லாம் எட்டிப் பார்த்து அவர் பாதி உயிராக வந்து உட்கார்ந்தபோது, பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தாள். தனியாக நிலையத்துக்குப் போய், தனியாக அந்த மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். ஒன்றரை வருஷத்தில் அவளாகச் செய்த முதல் காரியம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்களும் வந்திருப்பீங்க," என்றாள்.

அந்த வார்த்தை அவருக்கு முள்ளாகத் தைத்தது. அது ஆறுவதற்குள் இயந்திரம் அவளுக்கு வேறோர் ஆளைக் கொடுக்க, பச்சைக் கதவு வந்து சேர்ந்தது. துரைக்கண்ணு இரண்டு தடவை போன் செய்தார். ஆள் மாற்றிய வெட்கத்தில் திருமூர்த்தி எடுக்கவில்லை.

முதல் இரண்டு வாரமும் அந்தக் கனத்த சிரிப்புக்காரனுக்கு அவர் மனதுக்குள் மீசை வைத்து, தோள் அகலம் வைத்து, விலை உயர்ந்த சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் கதவு திறந்தது. ஐம்பது வயது தாண்டிய குள்ளமான ஓர் அம்மாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "சார் இப்பிடி வேர்த்து ஊத்துதே, ஃபேன் போடட்டா?" என்று அதே கனத்த குரலில் கேட்டாள். மார்த்தாண்டத்துக்காரி. பெயர் ஹெப்சிபா.

அத்தோடு பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, கூடியது. ஆம்பிளையாக இருந்தால் சண்டையாவது போடலாம், நாலு பேரிடம் சொல்லி நியாயம் கேட்கலாம். இந்த அம்மாளை என்ன செய்வது? இவள் அவரிடமிருந்து எதைத் திருடிவிட்டாள் என்று எந்தப் பஞ்சாயத்தில் சொல்வது?

"உள்ள என்ன பேசுனீங்க?" என்று பஸ்ஸில் கேட்பார்.

"சும்மாதான். பொதுவா," என்பாள்.

அந்தப் பொதுவா என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரிந்தது. கோகிலா தேறிக்கொண்டுதான் வந்தாள். குழம்பில் உப்புத் திரும்பியது. தலை பின்னிக்கொண்டாள். பட்டறைக்கு வந்து, இரண்டு மணி நேரமானாலும், கம்பி சுற்றினாள். ஒவ்வொரு முன்னேற்றத்தையும் அவர் பார்த்தார், ஒவ்வொன்றிலும் அந்த மார்த்தாண்டத்து அம்மாளின் கைரேகையையும் பார்த்தார். மனைவி நன்றாகிறாளே என்ற சந்தோஷமும், என்னால் இல்லையே என்ற புகைச்சலும் ஒரே தட்டில் வந்து விழுந்தன.

ஒரு நாள் துணிந்து அவளை எதிரில் உட்காரவைத்தார். "இந்த ஏவாரத்த நானும் செய்யலாம். நீ எங்கிட்டச் சொல்லு, நான் உம் கொட்டறேன்."

கோகிலா பாவம், முயன்று பார்த்தாள். "காத்தால எந்திரிச்சா..."

"உம்."

"எதுக்கு எந்திரிச்சோமுன்னு..."

"உம். அதுக்குத்தான் சொல்றேன், எந்திரிச்ச ஒடனே ரெண்டு சுத்து நடந்துட்டு வந்தீன்னா..."

கோகிலா எழுந்துகொண்டாள். "நீங்க அவசரப்பட்டுக் கொட்டறீங்க மாமா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

டீக்கடையில் லேத் பட்டறை வேலுச்சாமி ஏற்றிவிட்டான். "பத்துக்கு எட்டுப் பொருத்தம் பாத்துக் கட்டுன புருசன வெளிய பெஞ்சுல உக்கார வச்சுட்டு, உள்ள எவகிட்டயோ குடும்பக் கதையா? மொதப் பதிவுல காப்பாளர் நீதான? காப்பாளர் ஒரு வார்த்த சொன்னா ரத்துப் பண்ணிருவாங்க. போய்ச் சொல்லிட்டு வா."

எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்ற ஆளா இல்லை? திருமூர்த்தி மறுநாளே கம்பி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நேரே நிலையத்துக்குப் போனார்.

அபிநயா அவரை மறந்திருக்கவில்லை. சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ரத்துப் பண்ணலாங்க சார். உங்களுக்கு உரிமை இருக்குது," என்றாள். "ஆனா ஹெப்சிபா மேடத்துக்காகக் காத்திருக்கறவங்க நெறையப் பேரு. இன்னைக்கு விட்டா அந்த எடம் அம்மாவுக்குத் திரும்பக் கெடைக்காது. மறுபடி ஒரு எடத்துல வாய் தெறக்க அவங்களுக்கு எத்தன வருசமாகுமோ, அதுவும் தெரியாதுங்க."

"நீங்க மொதல்ல குடுத்த ஆளே போதுமுங்க. துரைக்கண்ணு சாரு. அருமையான மனுசன்."

"அது அம்மாவுக்கு இல்லீங்க."

"பின்ன?"

அவள் பதில் சொல்வதற்குள் அவருக்கு வேறொன்று நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாகக் கேட்க நினைத்து, கேட்க வெட்கப்பட்ட கேள்வி. "அம்மணி, ஒண்ணு பண்ணுங்க. எனக்கும் அவளுக்கும் இந்த மெஷினுல பொருத்தம் பாத்துச் சொல்லுங்க. அந்த அம்மாவவிட நான் எத்தன கொறச்சலுன்னு தெரிஞ்சுக்கறேன்."

"அத நாங்க பாக்கறதில்லீங்க சார். ஆரம்பத்துல நூத்துக்கு இத்தனன்னு பாத்துக் குடுத்தாங்களாம். நல்லா இருந்த குடும்பமெல்லாம் அந்த நம்பரத் தூக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போயிருச்சு. அப்பறம் கவர்மென்ட்டே நிறுத்திருச்சு." அபிநயா கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அந்த மொதல் பதிவு உங்க குரலு. உங்க குரலு உங்களுக்குச் சொந்தம். கேக்கறீங்களா?"

காதில் மாட்டிக்கொண்டார். யாரோ ஓர் ஆள் பேசிக்கொண்டிருந்தான். குரல் தன்னுடையது என்று பிடிபடவே நேரமாயிற்று.

"இவளுக்கு ராத்திரியெல்லாம் முழிப்புங்க. விடியக்காலம் கூரையப் பாத்துட்டே படுத்துக் கெடக்கறது. பட்டறப் பூட்டத் தொறக்கையில கை நடுங்குது. இன்னைக்கு ஆரும் வர மாட்டாங்களோன்னு ஒரு பயம், வந்தா நம்மளால ஆகாதோன்னு ஒரு பயம். புள்ள போன் பண்ணுனா, சந்தோசமாப் பேசோணுமேன்னே ஒரு பயமுங்க. வண்டியில போறப்ப எதுக்கால லாரி வந்தா... ஒதுங்கோணுமுன்னே தோண மாட்டேங்குதுங்க... அவளுக்கு."

அந்த இடத்தில் பேச்சு நின்றிருந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, மைக்குக்கு எட்டியும் எட்டாமலும், ஒரு பெண்குரல் "உம்" என்றது. அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஆளின் குரல் மறுபடி நடந்தது.

திருமூர்த்தி கழற்றிக் கீழே வைத்தார். கோகிலாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

பட்டறைப் பூட்டையும் அவள் என்றைக்கும் திறந்ததில்லை. சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான். மடையா, மடையா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். வாய்விட்டுத் திட்டத் தெம்பில்லை.

"அம்மா தனியா வந்தன்னைக்குத்தான் குரல் மாறியிருக்கறது எங்களுக்கே தெரிஞ்சுது," என்றாள் அபிநயா. "அன்னைக்கு உங்களையும் உள்ள விட்டது என்னோட தப்புத்தான். அழிச்சுட்டு அம்மா பேருல புதுசாப் போடறோமுன்னு சொன்னேன். 'அழிக்காதீங்க, அது அவருது. வியாழக்கெழம நேரத்தையும் எடுத்துராதீங்க, அவரு வருவாரு'ன்னாங்க. வாரா வாரம் போன் பண்ணி, இந்த வாரம் இல்லீங்க, அடுத்த வாரம் வருவாருன்னு சொல்லிட்டே இருக்காங்க. துரைக்கண்ணு சாரும் அந்த நேரத்த ஆருக்கும் குடுக்கல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நானும் அதத்தான் கேட்டேன். 'நான் சொன்னா, சீக்கு எனக்குத்தான்னு சொல்லுவாரு'ன்னாங்க."

மறுக்க வாயெடுத்தார். சொல்லியிருப்பார்தான்.

"நீங்க பொருத்தம் கேட்டீங்கல்ல," என்று அபிநயா மெதுவாகச் சொன்னாள். "அந்த ஒரு மணி நேரமும் நீங்க நின்ன எடத்துலயெல்லாம் அம்மாதான் உம் கொட்டியிருக்காங்க. மெஷின் அதையும் சேத்துத்தான் கேட்டுருக்குது. எப்படிக் கேட்டா உங்களுக்குப் பேச்சு வருதுன்னு பாத்து, அதே மாதிரிக் கேக்கற ஆளாத்தான் தேடிக் குடுத்துருக்குது."

"அப்ப அவகிட்டயே பேசிக்கிறேனுங்களே."

"அவங்களே எந்திரிக்க முடியாமக் கெடக்கறப்ப உங்க பாரத்தையும் அவங்க தலையில எறக்கி வைப்பீங்களா சார்? எறக்கிக்கறதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. வியாழக்கெழம வாங்க."

ரத்து பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. கம்பி வாங்காமல் வீட்டுக்குப் போனார். "கம்பி எங்கீங்க மாமா?" என்று கேட்டாள் கோகிலா. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "வியாழக்கெழம எனக்கு ஒரு சோலி இருக்குது, நீயும் கூட வா," என்றார். அவள் உம் என்றாள்.

துரைக்கண்ணுவின் கதவும் பச்சைதான். இந்தத் தடவை பெஞ்சில் கோகிலா.

உள்ளே திருமூர்த்தி மோட்டாரைப் பற்றித்தான் ஆரம்பித்தார். துரைக்கண்ணு கேட்டுக்கொண்டே இருந்தார். மோட்டார் தீர்ந்தது, மழை தீர்ந்தது, மகளும் தீர்ந்தாள். பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் திருமூர்த்தி நின்றார். வெகுநேரம் கழித்து, அதே இடத்தில், அதே அளவில், துரைக்கண்ணு "உம்" என்றார். அவ்வளவுதான், திருமூர்த்தி உடைந்தார். சின்னப் பிள்ளை மாதிரி, ஏங்கி ஏங்கி, சுவரின் மெத்தையெல்லாம் போதாமல் அழுதார்.

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது கோகிலா எழுந்து நின்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. பஸ் ஏறி உட்கார்ந்தார்கள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உள்ள என்ன பேசுனீங்க?"

"சும்மாதான். பொதுவா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கோகிலாவின் தாடை இறுகியது. "இத்தன வருசத்துல எம்முன்னாடி ஒரு நாளாச்சும் அப்படி அழுதிருக்கீங்களா? அவரு ஆரு, நேத்து வந்தவரு," என்றாள்.

திருமூர்த்தி அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்த முகம். மூன்று மாதமாகக் கண்ணாடியில் பார்த்த முகம். சொல்ல வெட்கம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும், அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. தன்னை நினைத்தும் ஒருத்திக்கு வயிறு எரிகிறது.

"அவரு உம் கொட்டறது உன்னாட்டமே இருக்குது," என்றார், சமாதானமாக.

"என்னாட்டமா? அதெப்படி என்னாட்டம் இருக்கும்?" என்று அவள் இன்னும் திரும்பிக்கொண்டாள். "அடுத்த வாரம் நான் பெஞ்சுல உக்கார மாட்டேன். கீழ கடையில நிக்கறேன். கேட்டுட்டு இருக்க முடியல."

"செரி, நானும் உன்ற கதவுகிட்ட உக்காரல."

இரண்டு ஸ்டாப் தாண்டியது. ஆவாரம்பாளையம் வரப்போகிறது. கோகிலா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவர் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"வண்டிச் சாவி அரிசி டின்னுக்குள்ள இருக்குதுங்க மாமா. இன்னுங் கொஞ்ச நாளைக்கு அங்கயே இருக்கட்டும்."

திருமூர்த்தி அவசரப்படாமல், பஸ் நிற்கும் வரை பொறுத்திருந்து, "உம்," என்றார்.